சிலைக்கு உட்கார்ந்தவன்

சின்னவனுக்குச் சிலை வைக்கப்போகிறார்கள் என்ற சேதி வந்தபோது பெரியவன் தன் ஆட்டோவின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். சேதி கொண்டுவந்தவர் ஹார்டுவேர் கடைக்காரர். அந்த ஊரில் எதற்குக் கமிட்டி போட்டாலும் அவர்தான் தலைவர். கமிட்டி எதுவும் இல்லாத நாட்களிலும் ஊர் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டது. அவரும் வேண்டாமென்று சொன்னதில்லை.

"உன் தம்பிக்கு இனிமே சாவே கிடையாதுடா" என்றார் தலைவர். "வெண்கலத்துல நிக்கப்போறான். சுரங்கப்பாதை வாசல்லயே. போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான்."

பெரியவன் பம்பை நிறுத்தாமலே, "தண்ணி இறைக்க மோட்டார் வைக்கிறதா சொன்னாங்களே தலைவரே" என்றான்.

"அது நகராட்சி வேலை. வரும்போது வரும். இது நம்ம வேலை."

நகராட்சி வேலை எப்போது வரும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ரயில் பாதைக்கு அடியில் போகும் அந்தச் சுரங்கப்பாதை ஒரு நல்ல மழை பெய்தால் தொட்டியாகிவிடும். மோட்டார் வையுங்கள் என்று கேட்டுக் கேட்டு ஊருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சிலை என்றதும் மட்டும் எல்லோருக்கும் எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்துவிட்டது. மோட்டாரைத் துணி போட்டு மூடி வைத்து, ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டுத் திறந்து வைக்க முடியாது. சிலையை அப்படிச் செய்யலாம். வேறு காரணம் சொல்வதற்கில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் அந்தச் சுரங்கப்பாதைக்குள் இறங்கி, பாதியில் எஞ்சின் நின்று, ஏறிக்கொண்டிருந்த தண்ணீரில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அண்ணனும் தம்பியும் ஆட்டோவில் அங்கே வந்து சேர்ந்தார்கள். சின்னவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். மடியில் வைத்திருந்த கம்ப்ரெஸரை சீட்டில் இறக்கிவிட்டு, ஸ்பானரை மட்டும் எடுத்துக்கொண்டு குதித்தான். அவன் நன்றாக நீந்துவான். பெரியவனுக்கு நீச்சல் தெரியாது. ஓரத்துக் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். சின்னவன் பின்கண்ணாடியை உடைத்துப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்க, இவன் வாங்கி வாங்கி மேலே நின்றவர்களிடம் கொடுத்தான். பிள்ளைகள் எல்லாரும் வந்தாயிற்று. கடைசியாக வேனில் வந்த ஆயாவை ஜன்னல் வழியே வெளியே தள்ளினான் சின்னவன். அப்போது வேன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஆயா வந்தாள். சின்னவன் வரவில்லை.

இதில் பெரியவன் மேல் குற்றம் என்று போலீஸ் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. பெற்றவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, சேர்ந்து அழுது தீர்த்திருக்கலாம். அம்மா அவன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

மூன்று பேர் இருக்கும் வீட்டில், அதுவும் கையை நீட்டினால் எதிர்ச்சுவர் இடிக்கிற வீட்டில், ஒருவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது சுலபமான காரியமில்லை. அம்மா அதைச் சாதித்தாள். ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பாள். அவன் உள்ளே வந்தால் பார்வை ஊசியை விட்டு அசையாது. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது தட்டைப் பார்ப்பாள். அவன் எதிரில் நிற்கும்போதே மருமகளைக் கூப்பிட்டு, "சட்டையக் கழட்டிக் குடுக்கச் சொல்லும்மா, பட்டன் தொங்குது" என்பாள். தைத்துக் கொடுப்பாள். ஆனால் அந்தச் சட்டைக்கு மேலே ஒரு முகம் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

பெரியவன் மனைவி வாய்த்துடுக்குக்காரி, ஆனால் மனசு தங்கம். "கொஞ்ச நாள் போகட்டுங்க, அத்தை சரியாயிடுவாங்க" என்று ஆரம்பத்தில் சொன்னாள். கொஞ்ச நாள் போய், அடுத்த மழைக்காலமும் எட்டிப் பார்க்கிற நேரமாகிவிட்டது. அப்புறம் அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

சிலை வேலையை எடுத்துக்கொண்ட சிற்பி, ஊருக்கு வெளியே ஒரு பழைய லாரி ஷெட்டில் பட்டறை போட்டிருந்தார். முதல் நாளே தகராறு. வீட்டில் சின்னவனுக்கு உருப்படியாக ஒரு போட்டோ இல்லை. இருந்ததெல்லாம் தொழிற்பயிற்சி நிலையத்து அடையாள அட்டையில் இருந்த ஸ்டாம்பு சைஸ் படம் ஒன்று. மீசை அரும்பாத வயசு, கேமராவைப் பார்த்து மிரண்ட கண். அவனுடைய போன் அவனோடு தண்ணீரில் போயிற்று. மற்றபடி வீட்டில் நடந்த நல்லது எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. அத்தனையும் சின்னவன் எடுத்தது. ஒன்றில் அவன் கட்டைவிரல் தெரிந்தது. இன்னொன்றில் தரையில் அவன் நிழல் விழுந்திருந்தது. எல்லாரையும் சிரிக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொள்கிற ஜென்மம் அவன்.

சிற்பி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல முன்பக்கம்தான் இருக்கு. சிலையச் சுத்தி நடப்பாங்களே" என்றார். "காது எப்படி, பிடரி எப்படி, பின்மண்டை எப்படி? எனக்கு ஒரு ரத்த சொந்தம் வேணும். கூடப் பிறந்தவங்க யாராவது உட்கார்ந்தா மண்டை கிடைச்சிடும். மண்டை கிடைச்சா மீதியை நான் ஒட்டிக்குவேன்."

தலைவர் பெரியவனைப் பார்த்தார். பெரியவன் வேறெங்கோ பார்த்தான்.

"எனக்குச் சவாரி இருக்கு தலைவரே. நாள் பூரா உட்கார முடியாது."

"உன் தம்பிக்காகடா."

"முடியாது தலைவரே."

"சரி, விடு. உங்க அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு பாக்கறேன்" என்றார் தலைவர். "அவங்க தினம் வந்து, களிமண்ணையும் உன்னையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து, இது ஒத்து வருது, இது ஒத்து வரலன்னு சொல்லணும்னு நெனச்சேன். அவங்களை விட்டா அவன் முகம் யாருக்குத் தெரியும்?"

அம்மா தினம் வருவாள். வந்து தன்னைப் பார்ப்பாள். பார்த்துத்தான் ஆகவேண்டும்.

"எப்போ வரணும்?" என்றான்.

சிற்பி மட்டும் தலைவரைத் தனியே அழைத்து, "பெத்தவங்களை நான் பட்டறைக்குள்ள விடறதில்லைங்க. அது சரியா வராது" என்று சொல்லிப் பார்த்தார். தலைவர் அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொன்ன எதையும் அவர் பார்த்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

உட்காருவதற்கு முன் மீசையை எடுக்கச் சொன்னார் சிற்பி. தம்பிக்கு மீசை கிடையாது. பல வருஷமாக வளர்த்த மீசை. பெரியவன் சலூனில் போய் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்து, "யார் வேணும் உங்களுக்கு?" என்றாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. மிஷின் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

முதல் சில நாட்கள் தனியாக உட்கார்ந்தான். ஷெட்டில் ஈரக் களிமண் வாடை. தகரக் கூரை மத்தியானம் வறுத்தெடுக்கும். சிற்பி கம்பிக்கூட்டின் மேல் மண்ணை அப்பி, மூங்கில் குச்சியால் வழித்து, பெரியவன் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து அளவெடுத்தார். "மூச்சு விடலாம். முகத்தை மட்டும் ஆட்டிடாதீங்க" என்பார். மண் மெல்ல மெல்லப் பெரியவனாக ஆகிக்கொண்டு வந்தது. தன் காதைத் தானே பக்கவாட்டில் பார்ப்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் அம்மா வந்தாள். தலைவர் தன் காரில் கூட்டிவந்தார். கழுத்தில் தையல் டேப்போடு வந்தாள். பழக்கதோஷம், கழற்ற மறந்துவிட்டாள். முதலில் உடம்பு அளவைக் கேட்டார் சிற்பி. அம்மாவுக்கு எல்லாம் விரல்நுனியில் இருந்தது. சின்னவன் சட்டை எல்லாம் அவள் தைத்ததுதானே. தோள் எவ்வளவு, கை எவ்வளவு, கழுத்துச் சுற்று எவ்வளவு என்று மடமடவென்று சொன்னாள். டூல்ஸ் பையை மாட்டி மாட்டி இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றாள். சிற்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அம்மா, நீங்க பாதி வேலையை முடிச்சுட்டீங்க" என்றார்.

மீதி வேலை முகம். முகத்துக்கு டேப் உதவாது.

"இப்போ இவரைப் பாருங்கம்மா" என்றார் சிற்பி. "இவர்கிட்ட இருந்து அவர் எங்கே வித்தியாசப்படறார்னு சொல்லுங்க."

அம்மா நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து மோவாய் வரை, அவசரமில்லாமல், முழுசாகப் பார்த்தாள். பெரியவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆடாதீங்க" என்றார் சிற்பி.

"நெத்தி இவ்வளவு அகலம் இல்ல" என்றாள் அம்மா. "முடி கொஞ்சம் கீழே இறங்கி வரும். இவனுக்கு ஏறிடுச்சு."

சிற்பி மண்ணை அப்பினார்.

"புருவத்துல அந்தத் தழும்பு வேண்டாம். அது இவனோடது."

அது சின்னவன் நடை பழகும் வயசில், அவனைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கும்போது பெரியவன் விழுந்து வாங்கிய தழும்பு. விழும்போது தம்பியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைப் படியில் கொடுத்தான். அன்று அம்மா இருவரையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக டாக்டரிடம் கொண்டு ஓடினாள். அவளுக்கு அது ஞாபகம் வந்ததா என்று பெரியவன் அவள் கண்ணில் தேடினான். சிற்பியின் கட்டைவிரல் மண்மேல் ஒரு தடவை போய் வந்தது. தழும்பு போயிற்று.

இப்படியே தினமும். அம்மா பார்ப்பாள், ஒன்று சொல்வாள், சிற்பி எடுப்பார். "இந்த மூக்கு இவங்க அப்பா மூக்கு, அது வேண்டாம்." "வாயோரம் இப்படிக் கீழே தொங்காது. அவன் சிரிச்ச மாதிரியே இருப்பான்." "கண்ணுக்குக் கீழே இந்தக் கருப்பு வேண்டாம். அவன் நல்லாத் தூங்குவான்."

முதலில் பெரியவனுக்கு இனித்தது. அம்மா பார்க்கிறாள் அல்லவா, அது போதும் என்றிருந்தது. சவாரியைத் தட்டிக்கழித்துவிட்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொள்வான். போகப்போகத்தான் வலித்தது. பெற்ற தாய் கண் எதிரில் நின்று, உன்னிடத்தில் இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எடுக்கச் சொல்கிறாள். எடுத்ததெல்லாம் அவனுடையது. களிமண் என்றாலும் வலிக்கத்தான் செய்யும்.

ஒரு நாள் அம்மா வெகு நேரம் மண்ணைப் பார்த்தாள். இவனைப் பார்த்தாள். மறுபடி மண்ணைப் பார்த்தாள்.

"மோவாய் எப்படிம்மா?" என்றார் சிற்பி.

அம்மா மண் மோவாயைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் ஒட்டினாப்பல வரணுமா?"

"தெரியலையே" என்றாள் அம்மா. குரல் இறங்கிப்போயிருந்தது. கண்ணை இறுக மூடினாள். திறந்தாள். "காலையில கூட இருந்துச்சே. கண்ண மூடினா வருவானே."

அப்புறம் பெரியவன் பக்கம் திரும்பினாள். சின்னவன் போன பிறகு அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து அவன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுடா."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. முறையிடுகிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு, தலைவரின் காருக்குக்கூடக் காத்திராமல் ரோட்டில் இறங்கி நடந்தாள். டேப் கழுத்திலிருந்து நழுவி விழுந்ததைக் கவனிக்கவில்லை. பெரியவன் குனிந்து டேப்பை எடுத்துச் சுருட்டினான்.

சிற்பி ஈரத் துணியை எடுத்து மண் தலையின் மேல் போர்த்தினார். "என் தப்புதான். வேண்டாம்னு கண்டிப்பா சொல்லியிருக்கணும்" என்றார். "அடிக்கடி பாக்கற முகந்தான் மனசுல நிக்கும். செத்தவங்க முகத்துக்கு அந்தப் பலம் கிடையாது."

அதற்குள் தலைவர் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் வர ஒத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த நாளை விட்டால் வேறு நாள் இல்லை. ஆகவே மோவாய் பாதி அண்ணனும் பாதி யாருமில்லாதவனுமாக இருக்கும்போதே அச்செடுத்து, வெண்கலத்தை ஊற்றிவிட்டார்கள்.

விழா தடபுடலாக நடந்தது. கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கமிட்டிக்காரர்கள் பெயர் அதற்கு அடுத்த அளவு. சின்னவன் பெயரைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் குனியவேண்டும். பெரிய மனிதர் பேசும்போது பையன் ஆற்றில் குதித்ததாகச் சொன்னார், யாரும் திருத்தவில்லை. காப்பாற்றப்பட்ட பிள்ளைகளை மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் அம்மா தைத்த யூனிபார்ம்.

துணி விலகியது. "அப்படியே அவன்தான்" என்றது கூட்டம். சின்னவனைப் பார்த்தே இராதவர்களும் சொன்னார்கள். பிள்ளை ஒன்றை இடது கையில் ஏந்தி, வலது கையில் ஸ்பானரோடு நின்றது சிலை. பெரியவன் கூட்டத்தின் ஓரத்தில் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவன் பிடரி, அவன் காது, அவன் பின்மண்டை. பின்பக்கமிருந்து பார்த்ததால் அவ்வளவும் தெரிந்தது.

அன்றோடு ஊருக்கு மனசு நிம்மதியாகிவிட்டது. செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்ற நிம்மதி. மோட்டாரைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. பேசினால்கூட, "அதான் சிலை வெச்சிருக்கோமே" என்று பதில் சொல்கிற அளவுக்கு ஊர் தெளிந்துவிட்டது. பஸ்காரர்கள் 'சிலை ஸ்டாப்' என்று கூவ ஆரம்பித்தார்கள். பீடத்தில் ட்யூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டினார்கள். காதலிக்கிறவர்கள் அங்கே நின்று ஒருவருக்கு ஒருவர் காத்திருந்தார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் வெயிலுக்கு அதன் நிழலில் ஒதுங்கினார்.

அம்மா மட்டும்தான் சிலையைப் பார்க்க வந்தவள். சாயங்காலம் மிஷினை மூடிவிட்டு வருவாள். பீடத்துப் படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். உதடு அசையும். பெரியவன் சவாரியோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைப்பான். அண்ணாந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வாஞ்சை இருக்கும். பார்க்கப்படுவது என்னவோ அவன் முகந்தான். ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். தன் முகத்தின் மேலேயே ஒருவனுக்குப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான்.

மீசை மறுபடி முளைத்து ஓரளவு வளர்ந்தபோது, ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்த அம்மா நகராமல் நின்றாள்.

"மீசை வேண்டாம்டா" என்றாள். "எடுத்துடேன்."

கெஞ்சுகிற குரல். பெரியவன் சாப்பிட்ட கையைக் கழுவியதும் சலூனுக்குப் போனான். திரும்பி வந்தபோது அம்மா மிஷினை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவன் எதிரில் வரும்போதெல்லாம் பார்த்தாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

மனைவியால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அம்மா வெளியே போன நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். "அவங்க பாக்கறது உங்களை இல்லைங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா தினம் சலூனுக்கு ஓடறீங்க?"

"பாக்கறாங்கல்ல" என்றான் பெரியவன். "யாரையோ. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதலை. நான் கட்டிக்கிட்டது உங்களை."

பெரியவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மழை வந்தது. காலையில் பிடித்தது, விடவே இல்லை. மத்தியானத்துக்கு முன்பே சுரங்கப்பாதை நிரம்பி, வாசலையும் தாண்டிப் பீடத்துப் படிகளை எட்டிவிட்டது. பெரியவன் சவாரியை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் மனைவி வாசலில் நிற்கிறாள். "அத்தையைக் காணோம். மிஷின் திறந்தபடி கிடக்கு" என்றாள். எங்கே என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அம்மா சிலையின் காலைக் கட்டிக்கொண்டு பீடத்தின் மேல் நின்றாள். சுற்றிலும் பழுப்புத் தண்ணீர். ரோட்டோரத்தில் நாலு பேர் குடையோடு நின்று இறங்கி வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "மழை வருது, ஏறி வாடா, ஏறி வாடா" என்று வெண்கலத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் என்றால் சின்ன வயசிலிருந்தே பெரியவனுக்கு ஆகாது. போன மழைக்குப் பிறகு வாளித் தண்ணீரைக்கூட உற்றுப் பார்க்கமாட்டான். ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. அதே குளிர். எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று பிறகு யோசித்தபோது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. சிலையின் காலிலிருந்து அம்மாவின் கையைப் பிரித்தெடுத்து, முதுகில் ஏற்றிக்கொண்டு கரையேறினான். ஆட்டோவில் அவள் பின்சீட்டிலிருந்து அவன் தோளில் சாய்ந்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காய்ச்சல் அனலாக அடித்தது. டாக்டர் வந்து ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, தூங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே மழை தூறிக்கொண்டே இருந்தது. பெரியவன் கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நெற்றியில் ஈரத் துணியை மாற்றிக்கொண்டிருந்தான். மத்தியானம் திரும்பும் நேரத்தில் அம்மா கண் விழித்தாள். அவனைப் பார்த்தாள். வறண்ட உதட்டில் சிரிப்பு வந்தது. இரண்டு கையையும் தூக்கி அவன் முகத்தை ஏந்தினாள்.

"சின்னவனே, வந்துட்டியாடா."

மாத்திரையும் வெந்நீருமாக வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் பெரியவன்மா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அம்மாவின் உள்ளங்கை இரண்டும் அவன் கன்னத்தில் கொதித்துக்கொண்டிருந்தன. ஊசி குத்திக் காய்த்த விரல்கள். கடைசியாக எந்த வயசில் இந்தக் கை அவன் முகத்தில் பட்டது என்று நினைவில்லை.

"வந்துட்டேம்மா" என்றான்.

"தண்ணி வடிஞ்சுதா?"

"வடிஞ்சிடும்மா."

"அண்ணன் எங்கடா?"

பெரியவனைப் பற்றி அவள் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

"வண்டி எடுத்துட்டுப் போயிருக்காம்மா. வந்துடுவான்."

"அவனை அந்தப் பக்கம் போக விடாதடா. நீயாவது நீந்தி வந்துடுவே. அவனுக்குத் தண்ணின்னா பயம். பாவம்டா அவன், நின்னு நின்னு பிள்ளைங்களை வாங்கினானாமே, ஆயா வந்து சொன்னா. அவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு எப்படித்தான் நின்னானோ." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்டா. எனக்கு அவன் மேல கோவமெல்லாம் இல்ல. அவன் மூஞ்சியப் பாத்தா நீ வரலைங்கிறது ஞாபகம் வந்துடும், அதனாலதான் பாக்கல. இப்பதான் நீ வந்துட்டியே."

"ஆமாம்மா."

"போய் அவனைக் கூட்டிட்டு வா. அவன் மூஞ்சியப் பாத்து எத்தனை நாளாச்சு. எனக்கு அவனப் பாக்கணும்."

"கூட்டிட்டு வரேம்மா" என்றான் பெரியவன்.

அவள் கையை மெல்ல எடுத்துப் போர்வைமேல் வைத்தான். எழுந்து, மனைவியைத் தாண்டி, அடுத்த அறைக்கு வந்தான். அங்கிருந்து எங்கே போவது என்று தெரியாமல் தையல் மிஷின் பக்கத்தில் நின்றான். மனைவி பின்னாலேயே வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன் தோளைத் தொட்டாள்.

"போங்க உள்ளே. தேடறாங்க உங்களை. போய் நான்தாம்மா பெரியவன்னு சொல்லுங்க."

பெரியவன் மழுமழுவென்றிருந்த மேலுதட்டைக் கையால் தடவினான்.

"இந்த மூஞ்சியோட போய் எப்படிச் சொல்றது?" என்றான்.